மீட்சி என்னும் நெடுங்கடமை

பேரிடரால் அடியுண்ட மக்களுக்கு அரசும் சமுதாயமும் ஆற்ற வேண்டிய கடமைகள் இரண்டு. உயிரைக் காப்பது ஒன்று. காக்கப்பட்ட உயிர் தன் பழைய வாழ்வில் மீண்டும் நிலைகொள்ளும்வரை உடன் நிற்பது மற்றொன்று. முதற்கடமை கண்முன் நிற்பது; தீ எரிகையிலும் வெள்ளம் பாய்கையிலும் மலை சரிகையிலும் அதனை மறக்க எவராலும் இயலாது. இரண்டாம் கடமையோ, புகை அடங்கி, அமைச்சர்கள் தலைநகர் திரும்பி, நாளிதழ்களின் முதற்பக்கம் வேறு செய்திக்கு இடம் கொடுத்த பின்னரே தொடங்குகிறது. அந்நேரத்தில் அது யாருடைய கடமை என்று கேட்பார் இல்லாமையால், மறுக்கப்படாமலே அது கைவிடப்படுகிறது. மலையும் காடும் ஆறும் சூழ்ந்த தேனி மாவட்டத்தை முன்வைத்து இவ்விரண்டாம் கடமையைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

சட்டம் இதில் வாய்மூடி இருக்கவில்லை. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், மேலாண்மை என்பது யாது என்று வரையறுக்கும் இடத்திலேயே, மீட்பையும் துயர்தணிப்பையும் சொன்ன கையோடு மறுவாழ்வையும் மறுகட்டமைப்பையும் சேர்த்தே சொல்கிறது. 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு மாநிலங்களின் பேரிடர் நிதியைப் பகுத்தளித்த 15ஆம் நிதிக்குழு, நூற்றுக்கு 40 பங்கை மீட்புக்கும் துயர்தணிப்புக்கும், 30 பங்கை மீட்சிக்கும் மறுகட்டமைப்புக்கும், 20 பங்கை இடர் வருமுன் தணிப்பதற்கும், 10 பங்கை ஆயத்தப் பணிகளுக்கும் ஒதுக்கப் பரிந்துரைத்தது. மீட்சிக்கென்று தனியே ஒரு பங்கு இவ்வாறு வகுக்கப்பட்டது நம் நாட்டின் நிதி வரலாற்றில் சிறிய செயல் அன்று. எனவே கொள்கை உண்டு. கணக்குத் தலைப்பும் உண்டு. இல்லாதது ஒன்றே: பேரிடர் நிகழ்ந்த மூன்றாம் ஆண்டில், பாதிக்கப்பட்ட ஒருவரின் பெயரைச் சொல்லி அவர் இன்று எந்நிலையில் இருக்கிறார் என்று வினவினால், விடை கூறக் கடமைப்பட்ட அலுவலர்.

மீட்சி என்பது நீண்ட காலத்துப் பணி என்பதைக் கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்வோர்க்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் கஞ்சித்தொட்டிகள் திறக்கப்பட்டன. அவை அன்றைய பசிக்கு உதவின. பஞ்சத்தோடு அவையும் மறைந்தன. பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பும் எண்ணம் அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஏட்டில் இருந்தது என்றாலும், அதைச் செயலுக்குத் தள்ளியதில் பஞ்சம் தந்த அச்சத்துக்குப் பெரும்பங்கு உண்டு. 1887இல் தொடங்கி 1895இல் நிறைவெய்திய முல்லைப் பெரியாற்று அணை, லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இன்று இருபோகம் நெல் விளையக் காரணமாயிற்று. பாலார்பட்டி மக்கள் ஆண்டுதோறும் அவ்வணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக்கின் பெயரால் பொங்கலிடுவது, பஞ்சம் கடந்து பல ஆண்டுகள் சென்ற பின்னும் அதன் காரணத்தை மறவாது முடித்துக்கொடுத்த உழைப்புக்குச் செலுத்தும் நன்றி. அயலார் ஆட்சியின் குற்றங்கள் பல. அப்பஞ்சத்தில் மாண்டோர்க்கு அவ்வாட்சி பதில் சொல்லவே இல்லை. ஆயினும் ஒரு பேரிடருக்கு இருபது ஆண்டு நீளும் விடையும் இருக்கக்கூடும் என்பதற்கு இப்பள்ளத்தாக்கே சான்றாக நிற்கிறது.

இந்த அளவுகோலைக் கையில் கொண்டு இதே மாவட்டத்தின் குரங்கணியை நோக்குவோம்.

2018ஆம் ஆண்டு மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் வந்த மலையேற்றக் குழுவினர், பெண்களே மிகுதியாக, கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கிக்கொண்டிருந்தனர். கோடை தொடங்கும் முன்பே காய்ந்து நின்ற புல்வெளி. சரிவில் மேல்நோக்கி வீசிய காற்று. சமநிலத்தில் நடந்து செல்லும் தீ, சரிவில் ஓடிச் செல்லும். கீழே எரிவது மேலே நிற்கும் புல்லை முன்னதாகவே வெதுப்பி உலர்த்திவிடுவதால், ஏற்றம் கூடக்கூட அதன் விரைவும் கூடுகிறது. ஒத்தமரம் என்று மலைமக்கள் அழைக்கும் பகுதியில் சூழ்ந்துகொண்ட நெருப்பிலிருந்து தப்ப முயன்றவர்களுள் சிலர் பள்ளத்துள் வீழ்ந்தனர். அவ்விடத்திலேயே மாண்டவர்களும், தேனியிலும் மதுரையிலும் சென்னையிலும் மருத்துவமனைகளில் நாள்களும் வாரங்களும் போராடி மாண்டவர்களுமாக 23 உயிர்கள் பறிபோயின.

அன்று முதலில் மலையேறியவர்கள் யார் என்பதைப் பதிவு செய்வது நம் கடமை. விமானப்படையின் ஹெலிகாப்டர்களும் கமாண்டோ வீரர்களும் வந்து சேருமுன், குரங்கணியின் உழவர்களும் தோட்டத் தொழிலாளர்களும் வனத்துறையின் கடைநிலை ஊழியர்களும் இருளில், எரிந்து தணலாகக் கிடந்த சரிவில் ஏறி, குரல் வந்த திசை நோக்கிச் சென்று, தீப்புண்பட்டவர்களைப் போர்வைகளில் கிடத்தி, டோலி கட்டித் தோளில் சுமந்து இறக்கினர். எவரும் ஆணையிட்டு அவர்கள் போகவில்லை.

அதன்பின் அரசு செய்தவற்றையும் நேர்மையோடு கூற வேண்டும். உயிரிழந்தோர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. மூத்த ஆட்சிப்பணி அலுவலர் அதுல்ய மிஸ்ரா தலைமையில் விசாரணை நடந்தது. அவ்வாண்டிலேயே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் தமிழகத்தில் நடைமுறைக்கு வந்தன. 2024 அக்டோபரில் அரசே நாற்பது வழிகளைத் தேர்ந்து, மலைவாழ் மக்களின் இளைஞர்களை வழிகாட்டிகளாகப் பயிற்றி, முறைப்படியான மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. இவை யாவும் வரவேற்கத்தக்கவை. ஆயினும் கூர்ந்து நோக்கின், இவை அனைத்தும் இனி மலையேற வருவோரைப் பற்றியவை. அன்று எரிந்தவர்கள், அவர்களைச் சுமந்தவர்கள், எரிந்த மலை ஆகிய மூவரும் அந்த விதிகளுக்கு வெளியே நிற்கின்றனர்.

எரிந்து பிழைத்தவரை எண்ணுவோம். தீப்புண் ஆறுவது வேறு. தீப்புண்பட்டவர் தேறுவது வேறு. தோல் ஒட்டு அறுவை முடிந்த பின்னும் வடுக்கள் இறுகி மூட்டுகளை மடக்கிப் பிடித்துக்கொள்ளும். அவற்றை நீட்டி நிமிர்த்த நாள்தோறும் உடற்பயிற்சி மருத்துவம் வேண்டும். வடு தடிக்காதிருக்க இறுக்கமான அழுத்த உடையை ஏறத்தாழ நாள் முழுவதும், ஓராண்டோ அதற்கு மேலோ அணிய வேண்டும். பின்னும் பலமுறை அறுவை தேவைப்படும். வெயிலில் நின்று செய்யும் வேலை எதற்கும் எளிதில் திரும்ப இயலாது. பெருநகரத்தவர்க்குக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை போன்ற, தீப்புண் மருத்துவத்தில் நெடுநாள் பயின்ற இடம் அருகில் இருக்கிறது. அதே தீ நாளை கொட்டகுடியின் ஒரு புல்லறுப்பவரையோ மேகமலையின் ஒரு தோட்டத் தொழிலாளரையோ தீண்டினால், அவர் மாதந்தோறும் மதுரைக்குப் போய் வருவதற்குரிய பேருந்துக் கட்டணத்தையும் அன்றைய கூலி இழப்பையும் எந்தக் கணக்கில் எழுதுவது? ஒருமுறை வழங்கி முடிக்கும் தொகை, ஐந்தாண்டு நீளும் துன்பத்துக்கு ஈடாகாது. இது ஈகையின் சிறுமையைப் பற்றிய முறையீடு அன்று. துன்பத்தின் நீளத்தை அளக்காமல் உதவியின் அளவை வகுத்துவிட்ட பிழையைச் சுட்டுகிறோம்.

பயிரிழப்பும் இவ்வாறே. நடைமுறையில் இருந்த துயர்தணிப்பு நெறிகள், பல்லாண்டுப் பயிர் அழிந்தால் ஹெக்டேருக்கு 22,500 ரூபாய் என்றும் அதுவும் இரண்டு ஹெக்டேர் வரையே என்றும் வரையறுத்தன. போடி மலைச்சரிவுகளில் இலவமும் காப்பியும் எலுமிச்சையும் வைத்துப் பிழைப்போர் அறிவர்: ஏலச்செடி காய்க்க மூன்றாண்டு ஆகும், இலவம் பஞ்சு தர அதனினும் நெடுங்காலம் ஆகும். மரம் எரிந்தவருக்கு ஒரு பருவத்து விளைச்சல் மட்டும் போகவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளின் வருவாய் முழுவதும் போகிறது. மேலும், மலைநிலத்தில் தலைமுறையாகப் பயிரிடுவோர் பலரிடம் பட்டா இல்லை. பட்டா இல்லாதவர் இழப்பீட்டுப் பட்டியலின் வாயிலைக்கூட எட்டுவதில்லை. இழப்பு உண்மையாயினும் ஏடு இல்லையேல் இழப்பே இல்லை என்பது நீதியின் மொழியாக இருக்க முடியாது.

எரிந்த மலைக்கும் ஒரு மீட்சி உண்டு. அதில் மலையில் வாழாதவர்க்கும் பங்கு உண்டு. தீயால் புல்லும் சருகும் அழிந்து வெறுமையுற்ற சரிவில் அடுத்து வரும் பருவமழை நேராக மண்ணின்மேல் இறங்குகிறது. சாம்பலும் மேல்மண்ணும் ஓடைகளில் கலந்து கொட்டகுடி ஆற்றில் இறங்குகின்றன. அவ்வாற்றின் நீர் வைகையைச் சென்றடைகிறது. வைகையோ அணையில் தேங்குகிறது. மலையுச்சிச் சோலைக்காடு ஒருமுறை எரிந்தால் மீள நெடுங்காலம் கொள்ளும்; அவ்விடைவெளியில் உண்ணிச்செடி போன்ற அயற்செடிகள் புகுந்து அடுத்த கோடைக்கு விறகாகின்றன. ஆகவே சரிவுகளில் மண் பிடிக்கத் தடுப்புகள் அமைப்பதும், அயற்செடிகளை அகற்றுவதும், தன்னிலத்துக்குரிய புல்லையும் மரத்தையும் மீளக் கொணர்வதும் கீழ்நாட்டு உழவனின் நீருக்கான காப்புறுதி. இதனை வனத்துறையின் உள்வேலையாக மட்டும் கருதி, வேளாண்துறையும் பொதுப்பணித்துறையும் விலகி நிற்பது அறிவுடைமை ஆகாது.

இவ்விடத்தில் மலைமக்களைப் பற்றி வெளிப்படையாகவே பேச வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் எழும் தீயில் பெரும்பகுதி மனிதர் கையால் மூள்வது என்பது ஏற்கப்பட்ட உண்மை. அந்த உண்மையிலிருந்து, மலையில் வாழ்பவனே குற்றவாளி என்னும் முடிவுக்குத் தாவுவது பழைய வழக்கம். பழங்குடிகளான முதுவரும் பளியரும் இம்மலைகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்கள். எந்தக் காற்றுக்கு எந்தச் சரிவு பற்றும், எந்த ஓடை கோடையிலும் ஈரம் காக்கும், தீ வந்தால் எப்பாறையில் ஒதுங்கலாம் என்பதெல்லாம் அவர்களுக்கு நடந்து நடந்து கால் அறிந்த செய்திகள். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அவர்களின் கிராம சபைக்குக் காட்டைக் காக்கும் உரிமையையும் பொறுப்பையும் ஒருங்கே வழங்கியது. தீத்தடுப்புக் கோடு வெட்டும் நாள்களில் கூலிக்கு மட்டும் அழைத்து, திட்டம் தீட்டும் நாளில் அவர்களை மறந்துவிடும் நிர்வாகம் தன்னிடமுள்ள மிகச் சிறந்த காவலைத் தானே இழக்கிறது. குரங்கணியில் இருளில் மலையேறியவர்களின் அறிவு மறுநாளைய கூட்டத்திலும் ஓர் இருக்கை பெற்றிருக்க வேண்டும்.

மலைக்கு அப்பால், எல்லைக் கோட்டுக்கு மறுபுறம், நம்மவரே பட்ட துயரம் ஒன்றும் இதே பாடத்தைச் சொல்கிறது. 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் குடியிருந்த லயங்களின்மேல் வீழ்ந்தது. மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போன அவ்விடத்திலிருந்து செய்தி வெளியுலகை எட்டவே மறுநாள் காலை ஆயிற்று. 70 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். பிழைத்த எட்டுக் குடும்பங்களுக்கு வேறிடத்தில் நிலமும் வீடும் தரப்பட்டன; அது உரியவாறு செய்யப்பட்ட செயல். ஆனால் அன்று இடிந்தது ஒரு சரிவு மட்டும் அன்று. வேலை உள்ளவரை வீடு, வேலை போனால் வீடும் போகும் என்னும் நூற்றாண்டுப் பழமையான ஏற்பாடும் அன்று மண்ணுக்கடியில் தெரிந்தது. தனக்கென்று ஒரு கூரை இல்லாதவன், சரிவு அபாயமானது என்று அறிந்தும் வேறெங்கே போவான்? கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியுமுன் ஜீப்புகளில் நெருக்கி அமர்ந்து இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் பெண்கள், மாநில எல்லையை நாளுக்கு இருமுறை கடக்கின்றனர். அவர்களுக்கு அம்மலையில் ஒரு பேரிடர் நேர்ந்தால், வேலை செய்த மாநிலம் அவர்களைப் பிறமாநிலத்தார் என்னும். பிறந்த மாநிலம் இடர் இங்கு நிகழவில்லை என்னும். இரு அரசுகளும் முன்கூட்டியே எழுத்தில் உடன்பட்டாலன்றி இந்த இடைவெளி அடைபடாது.

முன்னுதாரணம் தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினத்தில் நூற்றுக்கணக்கான தொண்டு நிறுவனங்கள் குவிந்து, ஒரே ஊரில் பத்துப்பேர் உதவியும் மறு ஊரில் ஒருவருமற்ற நிலையும் தோன்றிய வேளையில், மாவட்ட நிர்வாகத்தோடு இணைந்து அந்நிறுவனங்களே ஓர் ஒருங்கிணைப்பு மையத்தை அமைத்தன. எவருக்கு எது தேவை, எவர் எதைத் தருகிறார் என்பதை ஓரிடத்தில் பதிந்தமையாலேயே அங்கு உதவி ஓரளவேனும் முறைப்பட்டது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2009 பிப்ரவரி 7 அன்று 173 உயிர்களைப் பலிகொண்ட காட்டுத்தீ மூண்ட சில நாள்களிலேயே, மீட்சிக்கும் மறுகட்டமைப்புக்கும் மட்டுமே பொறுப்பான தனி ஆணையத்தை அம்மாநில அரசு நிறுவியது. ஒவ்வோர் ஊரும் தன் மீட்சித் திட்டத்தைத் தானே தீட்ட அங்கு இடமளிக்கப்பட்டது. மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆண்டுகள் பல கடந்தும் அம்மக்களைத் தொடர்ந்து கண்டு, உடல் தேறிய பின்னும் உள்ளம் தேறாதவர்கள் இருப்பதைப் பதிவு செய்தனர். அங்குள்ள செல்வம் நம்மிடம் இல்லை என்பர். தொடர்ந்து போய்க் கதவைத் தட்டிக் கேட்பதற்குச் செல்வம் வேண்டியதில்லை. அதைத் தன் பணியாகக் கொண்ட ஒருவர் வேண்டும்.

இனி செய்ய வேண்டியது குறித்து ஐயத்துக்கு இடமில்லை. தேனி மாவட்டத்துக்கென்று மீட்சி அலுவலர் ஒருவர், கோட்டாட்சியர் நிலைக்குக் குறையாமல், இடர் இல்லாக் காலத்திலும் பணியில் இருக்க வேண்டும். பேரிடர் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவேடு தொடங்கி, பாதிக்கப்பட்டவர் ஒவ்வொருவரின் உடல்நிலையும் தொழிலும் வீடும் பிள்ளைகளின் கல்வியும் ஐந்தாண்டுகள்வரை ஆண்டுக்கொருமுறை நேரில் கண்டு அதில் எழுதப்பட வேண்டும். அவர் பிற மாவட்டத்தவராயின் அம்மாவட்ட நிர்வாகத்தின் வழியாக எழுதப்பட வேண்டும். நிதிக்குழு வகுத்த மீட்சிப் பங்கிலிருந்து செலவான தொகை ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும். தீப்புண் பட்டோரின் தொடர் மருத்துவத்துக்கும் பயணத்துக்கும் கூலி இழப்புக்கும் தவணை முறையில் உதவி வேண்டும். பட்டா இல்லாத மலைப்பயிரின் இழப்பைக் கிராம சபையின் சான்றைக் கொண்டு ஏற்க வேண்டும். குரங்கணியில் உயிரைப் பணயம் வைத்து ஏறியவர்களைப் போன்றோருக்கு முறைப்படி முதலுதவிப் பயிற்சியும் தீக்காப்புக் கருவிகளும் காப்பீடும் தரப்பட வேண்டும். அவர்கள் கண்டவற்றைச் சுமந்து வாழும் உள்ளத்துக்கு மருத்துவமும் தரப்பட வேண்டும். அன்று இறக்கிய உடல்களின் பாரத்தைத் தோள் மறந்திருக்கலாம். ஆனால் அந்த இரவைக் கண்டவர்களிடம் அதைப் பற்றி அமர்ந்து கேட்கும் கடமை அரசுக்கு இருக்கிறது.

மலைத்தீயின் காலம் பிப்ரவரியில் தொடங்குகிறது. குடியரசு நாளாகிய ஜனவரி 26 அன்று ஊர்தோறும் கிராம சபை கூடுவது வழக்கம். வரும் ஆண்டு அந்நாளில் மாவட்ட ஆட்சியர் குரங்கணி அடங்கிய கொட்டகுடி ஊராட்சியின் கிராம சபைக்கு நேரில் சென்று, 2018 முதல் இன்றுவரை அம்மலையில் செய்யப்பட்டவற்றையும் செய்யப்படாதவற்றையும் மக்கள் முன் வாசித்து, அவர்கள் கூறும் திருத்தங்களை அங்கேயே எழுதிக்கொண்டு, அவ்வேட்டை மீட்சிப் பதிவேட்டின் முதற்பக்கமாகச் சேர்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.